மீண்டும் தம் மண்ணுக்கு

1943-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இரண்டாம் உலகப்போர் ஓயுமுன்னரே, 44 நாடுகள் வாஷிங்டனில் கூடித் துயர் துடைப்பு நிறுவனம் ஒன்றை அமைத்தன. வீடிழந்து அலையும் மக்களை ஊர் சேர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. பின்னர் 1950 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அகதிகளுக்கென ஓர் உயர் ஆணையர் அலுவலகத்தை நிறுவிற்று. இவற்றை நீவிர் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர். ஆயின், பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் கண்ணெதிரே, அதே பணி எவ்வாறு நடந்தது என்பதை எத்துணைப் பேர் அறிவர்? அதனையே இன்று காண்போம்.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது கொடுங் கலவரம் மூண்டது. மக்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். அவர்களை ஏற்ற மண்டபம் முகாம் பழைமையானது. முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரைத் தங்கவைத்து, நோய் உண்டா எனச் சோதித்து அனுப்பிய இடம் அது. போன வழியே வரும் வழியும் ஆயிற்று! 1987 இறுதிக்குள் வந்தோர் தொகை 1,34,000-க்கும் மேல்.

1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதனை நம்பி 25,000-க்கும் மேற்பட்டோர் திரும்பினர். 1990 ஜூனில் மீண்டும் போர். திரும்பிச் சென்று, மறுபடியும் படகேறி வந்தவர்களும் உண்டு.

நான் வாழும் படப்பையிலிருந்து ஒரகடம் வழியே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் தொலைவன்று. 1991 மே 21-ஆம் நாள் இராஜீவ் காந்தி அங்குக் கொலையுண்டார். அதன்பின் அகதிகளை நம் மக்கள் நோக்கிய பார்வையே மாறிவிட்டது. 1992 சனவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. ‘மனம் ஒப்பித்தான் போகிறார்களா?’ என்ற கேள்வி பலமாக எழவே, உயர் ஆணையர் அலுவலகம் சென்னையில் இருந்து அதனை உசாவ, அவ்வாண்டிலேயே இந்திய அரசு இசைந்தது. 1995 மார்ச்சு வரை 54,000 பேர் அனுப்பப்பட்டனர்.

அந்நாளில் யான் இளைய ஆசிரியன். முகாம் சிறுவன் ஒருவனுக்கு மாற்றுச் சான்றிதழ் பெற அவன் தாய் வந்தார். “வீடு இருக்கிறதா, அம்மா?” என்று வினவினேன். “சுவர் நிக்குதாம், சேர். கூரைதான் இல்லையாம்” என்றார். 1995 ஏப்ரலில் மறுபடியும் போர் வெடித்ததைப் படித்தபோது அந்தச் சுவர்தான் என் நினைவுக்கு வந்தது. கப்பலில் ஏற்றி அனுப்புவது எளிது; இறங்கிய இடத்தில் குடியிருக்கச் செய்வதே அரிது.

உலக நாடுகள் பணம் தர முன்வராமல் இல்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடி, ஏறத்தாழ 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. சமாதானப் பேச்சு முன்னேறினால் என்பது அதற்கு நிபந்தனை. விடுதலைப் புலிகளோ அம்மாநாட்டுக்கே வரவில்லை. பேச்சு முறிந்தது, போர் மீண்டது.

2009 மே திங்களில் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வன்னியில் முள்வேலிக்குள் இருந்தனர். அவர்கள் ஊர் திரும்ப முதல் தடை யாது? பணமன்று, கண்ணிவெடி. பிரிட்டனில் தோன்றிய ஹாலோ அறக்கட்டளை முதலிய அமைப்புகளும், இந்தியா அனுப்பிய குழுக்களும், இலங்கை இராணுவமும் அவற்றை அகற்றின. முகமாலை போன்ற இடங்களில் மண்டியிட்டு, சிறு கருவியால் மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டியவர்களுள் பலர் அவ்வூர்ப் பெண்களே. போரில் கணவனை இழந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் தோண்டி முடித்த பின்னரே ஏர் ஓடிற்று.

அடுத்தது வீடு. 2010-இல் இந்தியா 50,000 வீடுகள் கட்டித்தர அறிவித்தது. பெரும்பாலும் வீட்டுக்குரியவரே தம் வீட்டைக் கட்டினார். இலங்கைப் பணம் ஐந்தரை இலட்சம், அடித்தளம், சுவர், கூரை என வேலை முடிய முடிய, அவர் வங்கிக் கணக்கில் தவணையாகச் சேர்ந்தது. ஒப்பந்தக்காரரை நம்பியிருப்பதினும் இது மேலான முறை என்பது என் கருத்து. இருப்புப்பாதையும் மீண்டது, 1990-இல் நின்ற யாழ்தேவி, 2014 அக்டோபர் 13-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தது. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடுகள் நன்கொடை, இருப்புப்பாதை இந்தியா தந்த கடன்.

இத்துணையும் நடந்தும், தமிழ்நாட்டிலிருந்து திரும்பியோர் சில ஆயிரவரே. உயர் ஆணையர் அலுவலகம் விமானச் செலவு கொடுத்தது. ஆனால் பலரிடம் நில உறுதி இல்லை. வலிகாமம் வடக்கில் பலருடைய நிலம் நெடுங்காலம் இராணுவத்தின் வசம் இருந்தது. மலையகத்திலிருந்து வந்தவர்க்குத் திரும்பிச் செல்லச் சொந்த நிலமே கிடையாது. 2021-இலும் 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டுதான் நம் அரசு ‘அகதி’ என்ற சொல்லை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றிற்று.

முகாமிலே பிறந்த பிள்ளை பெரும்பாலும் இந்தியக் குடிமகனும் அல்லன். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிவு செய்யும்வரை இலங்கைக் குடிமகனும் அல்லன். 1984-இல் சந்திரகாசன் அவர்கள் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார், முகாம் முகாமாகச் சென்று அப்பிள்ளைகளுக்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுத்தனர்.