எல்லை கடந்த கழிவுநீரும் நீதிமன்றமும்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் காலையில் குழாயைத் திறந்ததும் காவிரி நீர் வருகிறது. குளித்துத் துவைத்த பின் அந்நீர் எங்கே செல்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நகரின் நடுப்பகுதி, தென்கிழக்குப் பகுதிகளின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையைச் சேர்கிறது. மேற்குப் பகுதிகளின் கழிவுநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே மீண்டும் காவிரியை அடைகிறது. ஆகவே, காவிரியாக நகரினுள் ஏறிய நீரில் ஒரு பங்கு பெண்ணையாக ஓசூருக்கு இறங்குகிறது எனலாம். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளின் பாசனம் அவ்வாற்றை நம்பியே நடைபெறுகிறது.

1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னை, மைசூர் அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, மேலே புதிய நீர்ப்பாசன வேலைகள் எழுவதைப் பற்றியது. எவ்வளவு நீர் வரும் என்பதே அன்றைய கவலை. எத்தகைய நீர் வரும் என்பது பின்னர் எழுந்த கேள்வி.

அக்கேள்வியை அமெரிக்கா முன்னரே சந்தித்தது. 1900இல் சிகாகோ நகரம் தன் கழிவுநீரை ஒரு கால்வாயின் மூலம் மிஸிஸிப்பி ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டது. கீழேயுள்ள செயின்ட் லூயி நகரில் விஷஜுரம் பரவும் என்று அஞ்சி மிஸூரி மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1906இல் நீதிபதி ஹோம்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீங்கு ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்பது ஒரு காரணம். மிஸூரியின் நகரங்களும் அதே ஆற்றில் கழிவை விடுகின்றன என்பதும் கருதப்பட்டது. 2018இல் காலிபோர்னியாவின் இம்பீரியல் பீச், சூலா விஸ்டா நகராட்சிகள் வேறொரு வழியைக் கண்டன. மெக்ஸிகோவின் டிஹுவானாவிலிருந்து வரும் கழிவுநீரைத் தடுக்கத் தவறியதாகத் தம் மத்திய அரசின் எல்லை நீர் அமைப்பின் மீதே அவை வழக்குத் தொடுத்தன. 2022இல் அவ்வழக்குச் சமரசத்தில் முடிந்தது.

நம் அரசியலமைப்பின் 131ஆம் விதி மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்குமே உச்ச நீதிமன்றத்தில் நேராக வழக்காடும் உரிமையை அளிக்கிறது. ஒரு நகராட்சிக்கு அவ்வழி இல்லை. ஆதலின் 2015இல் காவிரி, தென்பெண்ணை ஆறுகளின் மாசு குறித்து வழக்குத் தொடுத்தது தமிழ்நாட்டு அரசேயாகும். அதே ஆண்டில்தான் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அவ்வேரி பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும், அன்றைய பெங்களூர் மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. ஏரியைச் சீர்செய்யும் வேலைக்கென 500 கோடி ரூபாயைத் தனிக்கணக்கில் ஒதுக்கவும் பணித்தது. உள்ளாட்சி இங்கே வாதியாக அன்று, பிரதிவாதியாக நின்றது.

இது கேட்டு நாம் பிறர்மேல் மட்டும் பழி சுமத்தலாகாது. பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்ததும் நாடறிந்ததே. நீதிபதி ஹோம்ஸ் சுட்டிக்காட்டிய குறை நமக்கும் உண்டு.

அன்பர்களே, வழக்கு கெடு விதிக்கும். பணம் பெற்றுத் தரும். ஆயின் ஆற்றைத் தூய்மை செய்வது சுத்திகரிப்பு நிலையமே. பெங்களூரில் வரி செலுத்தி வாக்களிக்கும் தமிழர் அதனை இந்நகரத்தாராக நின்று கேட்கலாம். எல்லைக்கு இப்பால் நாம் விடும் நீரே, எல்லைக்கு அப்பால் நம் உறவினரின் வயலுக்குப் பாய்கிறது.