உத்தரமேரூர்ச் சபைத் தீர்மானம்: கூட்டக் குறிப்பு எழுதுவார்க்கு ஓர் உரை

உத்தரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921இல், அவ்வூர்ச் சபை கூடி, வாரியம் என்னும் குழுக்களுக்குக் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையால் ஆள் தெரியும் முறையை முடிவு செய்தமை உணர்த்துகின்றது. கம்பெனி இயக்குநர் குழுவிலாயினும், மலேசியாவின் கம்போங் ராஜா முதலிய மலைத்தோட்ட ஊர்களின் கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகக் குழு என்பவற்றிலாயினும் கூட்டக் குறிப்பு எழுதப் புகுவார், விரிப்பது எது, சுருக்குவது எது என இதன் சில தொடர்களால் அறிக.

யாண்டு பதினாலாவது நாள் பதினாறு:
காலம் கூறியவாறு. யாண்டு என்றது ஆட்சியாண்டினை. யாண்டும் நாளும் கூறியது என்னையெனின், 919இலும் இச்சபை இப்பொருள்பற்றி ஓர் ஏற்பாடு செய்துளது. அதன்கண் உறுப்பினர்க்கு வயது 30 முதல் 60. இதன்கண் 35 முதல் 70. காலம் குறியாவழி, நிற்பது எது என்பதே வழக்காய் முடியும் என்க.

சபையோம்:
தன்மைப் பன்மை. முடிவு அவையினது என்பதுபட நின்றது. இன்னார் இன்னது பேசினார் என்பது கூறப்படாமை நோக்குக. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கிராணியாகிய எழுத்தன் பெயரும் நிறையும் பதிவதன்றி, நிரையில் நின்றார் பேசிய பேச்செல்லாம் பதியாமை போலக் கொள்க. அற்றேல், உடன்படாதார் பெயரும் வேண்டாவோ எனின், வேண்டும். இந்தியக் கம்பெனிச் சட்டம் (2013), 118ஆம் பிரிவில், நடவடிக்கைகளின் நேரிய, சரியான சுருக்கத்தையே கேட்டு, இயக்குநர் குழுத் தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநர் பெயரை விதந்து எழுதச் சொல்லும். உரையாடல் கழியும், உடன்படாமை பின்னர்ப் பொறுப்பினை வரையறுக்கும் ஆதலின்.

கணக்குக் காட்டாதே இருந்தார்:
வாரியம் செய்து கணக்கு ஒப்புவியாதாரை விலக்கியது. அவருடைய உறவினரையும் விலக்குமிடத்து, 'உறவினர்' என ஒரு சொல்லால் முடியாது, சிற்றன்னை, பெரியன்னை மக்கள், மாமன், மாமனார், மருமகன், தந்தை, மகன் எனத் தனித்தனி எண்ணியது. இது மிகைபடக் கூறல் அன்று. உறவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதில் பூசல் எழுதல் ஒருதலை ஆகலின், அவ்விடத்து விரிவு வேண்டிற்று.

அஞ்சு விரலும் அகல வைத்து:
குடத்தினின்று சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் வாங்கும் முறை கூறியவாறு. மத்தியஸ்தன், சபையின் கணக்கும் எழுத்தும் செய்வான். அகல வைத்து எனவே, மூடிய கையில் வேறோர் ஓலை மறைத்து மாற்றுதற்கு இடமின்மை பெறப்பட்டது. வாங்கிய ஓலையை அவன் வாசித்தலும், உடனிருந்த பூசகராகிய நம்பிமார் எல்லாரும் வாசித்தலும் இக்கருத்தே பற்றி வந்தன. முடிவின்மேல் ஐயம் நிகழக்கூடிய இடத்து, முடிவேயன்றி அது பிறந்த முறையும் எழுதப்படும் என்பது இதனாற் போந்த பொருள். இக்காலத்து, தனக்குப் பயனுள்ள பொருளில் இயக்குநர் ஒருவர் வாக்களியாது விலகியதும், குழு எவ்வறிக்கை கண்டு முடிவு செய்தது என்பதும் இவ்வினத்தன.

எழுதினேன்:
தன்மை ஒருமை. மேற் 'சபையோம்' எனப் பன்மையால் தொடங்கி ஈண்டு ஒருமையால் முடித்தது, முடிவு அவையினது, எழுத்து என்னது என்று பொறுப்பினைப் பிரித்தற்கு. அவை பணிக்க எழுதினமை கூறி, மத்தியஸ்தன் தன் பெயரும் பொறித்தான். தன் கருத்து யாதும் சேர்த்திலன். குறிப்பினைத் திரித்தார்க்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் தண்டமும் மேற்கூறிய 118ஆம் பிரிவு வைத்ததூஉம் இப்பொறுப்பு நோக்கி என்க.