பெயரும் முகமும்: விழிஞ்ஞம் குடைவரை முதல் இக்காலம் வரை ஆடுநர், பாடுநர் உருவங்கள்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து விழிஞ்ஞத்தில், தனித்து நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து செய்த சிறிய சிவன் கோயில் இருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதனை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்கின்றனர். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி தனிச்சிற்பமாக உள்ளார். வெளிச்சுவரின் ஒரு பக்கத்தில் வில்லேந்திய சிவன். மறு பக்கத்தில் பார்வதி அருகிருக்க ஆடும் சிவன். ஆக, இந்தச் சிறு பாறையில் இசைக்கு ஓர் உருவமும் ஆடலுக்கு ஓர் உருவமும் உண்டு. வெளிச்சுவர் உருவங்கள் முற்றுப்பெறவில்லை. உளி பாதியில் நின்றுவிட்டது.

நிகழ்த்துகலைகளைக் கொண்டாடும் உருவங்கள் தென்னாட்டில் மிகப் பழையவை, மிக வளமானவை. அக்கலைகளை நிகழ்த்திய மனிதரைப் பெயரோடும் முகத்தோடும் கொண்டாடும் உருவங்களோ மிகப் பிந்தியவை, மிகக் குறைந்தவை. ஆடுநர், பாடுநர் உருவங்களில் கலை, முகம், பெயர் என மூன்று கூறுகளைப் பிரித்துப் பார்க்கலாம். இம்மூன்றும் நம் மரபில் நெடுங்காலம் ஒரே இடத்தில் சேரவில்லை; சேராமல் போனதற்குக் காரணம் ஆன்மிகம் அன்று, சமூகம். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. விழிஞ்ஞம்: கலை மட்டும்

விழிஞ்ஞம் ஆய் அரசர்களின் துறைமுகமும் அரணும் ஆகும். பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு அவன் வேள் மன்னனை வென்று விழிஞ்ஞத்தை அழித்ததைப் புகழ்ந்து பேசுகிறது. சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று இதனைக் குறிக்கிறது. கலிங்கத்துப்பரணியும் விழிஞ்ஞப் போரை மறக்கவில்லை. மூன்று நூற்றாண்டுக் காலம் படையெடுத்தவர்களின் பெயர்கள் செப்பிலும் பாட்டிலும் நிலைத்துவிட்டன. அந்தப் படையெடுப்புகளுக்கு நடுவே இங்கே ஆடியவர், வீணை மீட்டியவர் எவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

ஆடும் சிவனைச் செதுக்கிய சிற்பிக்கு ஆடும் உடலைக் கண்டறிந்த அனுபவம் இருந்தாக வேண்டும். முழங்கால் எவ்வளவு மடங்கினால் இடுப்பு எப்பக்கம் சாயும், எடை எந்தக் காலில் நிற்கும் என்பதை நூலறிவால் மட்டும் கல்லில் கொண்டுவர முடியாது. வீணையைத் தாங்கும் கைக்கும் அதே அறிவு வேண்டும். எனவே இந்த இறையுருவங்களுக்குப் பின்னால் வாழ்ந்த ஆடுநரும் இசைஞரும் இருக்கிறார்கள். அவர்கள் கலை கல்லில் ஏறியது. அவர்கள் ஏறவில்லை. மனிதர் பயின்ற கலையை இறைவன் மேனியில் ஏற்றிக் கொண்டாடுவது அந்தக் காலத்தின் வழி.

இதே காலப்பகுதியில் சித்தன்னவாசல் குடைவரையின் தூண்களில் ஆடல் மகளிர் ஓவியமாகத் தீட்டப்பட்டனர். இங்கே ஆடுவது மனித உடல், மனித முகம். ஆனால் பெயர் இல்லை. அக்குடைவரையின் மண்டபத்தைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரோ, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டில் தெளிவாக நிற்கிறது. திருப்பணி செய்தவருக்குப் பெயர். ஓவியத்தில் ஆடியவருக்கு முகம் மட்டும்.

2. தஞ்சை: ஒரே கோயிலில் இரு பதிவேடுகள்

இந்தப் பிரிவினை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியில், இசைக் கருவிகளின் முழக்கத்துக்கு நடுவே ஆடும் பெண்களைக் காண்கிறோம். உடலை வளைத்துத் திரும்பும் அந்த ஆடல், பார்த்து எழுதியவனின் கைவேலை என்பதில் ஐயமில்லை. விமானத்தின் மேல்தளத்தில் ஆடல் நிலைகளான 108 கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு, 81 முடித்திருக்கிறார்கள். மீதி 27 கற்கள் செதுக்கப்படாமலேயே நிற்கின்றன.

அதே கோயிலின் கல்வெட்டு ஒன்று, இராசராசன் பல கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, வரிசையாகக் குறிக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் முதல் வீட்டில் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை இருந்தார். எடுத்தபாதம் என்ற பெயருடையவரும் அப்பட்டியலில் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது கணக்கு. நட்டுவம் செய்தவர், பாடியவர், கருவி வாசித்தவர்களின் பங்குகளும் அதே கல்வெட்டில் வருகின்றன.

உள்ளே முகங்கள், வெளியே பெயர்கள். நெல் அளக்கும்போது பெயர் வேண்டியிருந்தது. ஓவியம் தீட்டும்போது வேண்டியிருக்கவில்லை. கயிலைக் காட்சியில் ஆடும் பெண்களில் ஒருவருக்குச் சேரமங்கையின் முகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதி செய்ய வழியே இல்லை. சோழர் காலத்து ஆடற்கலையைப் பற்றி நமக்குக் கிடைத்த ஆகச் சிறந்த இரண்டு சான்றுகள் ஒரே கோயிலுக்குள் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன.

3. பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தது

உருவத்தின் மேல் பெயர் எழுதும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று இதற்கு விடை சொல்ல முடியாது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரையில் பல்லவ மன்னர் உருவங்களுக்கு மேலே பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திருமலையில் கிருஷ்ணதேவராயரும் அவர் தேவியர் இருவரும் பெயர் பொறித்த செப்புருவங்களாக நிற்கிறார்கள். சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் சிற்பிகளின் உருவங்களுக்கே பெயர் இருக்கிறது.

அதே சிதம்பரத்தில், கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் கரணச் சிற்பங்களுக்கு மேல் நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே எழுத்து உண்டு, உருவம் உண்டு, இரண்டும் பொருந்தியும் உள்ளன. ஆனால் பெயர் பெற்றது அசைவு, அசைந்தவர் அல்லர். இன்ன கரணம் என்று சொல்லத் தெரிந்த கோபுரத்துக்கு, இன்னார் என்று சொல்லத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறு சிறு சிற்பத் தொடராகப் பெயர்களோடு வருகிறது. யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் குழலூதிய ஆனாயரும் அவர்களுள் அடங்குவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் இறைவனின் அருகே தாளமிடும் காரைக்கால் அம்மையாரைப் பெயர் எழுதாமலேயே யாரும் அடையாளம் கண்டுகொள்வர். இவர்கள் இசைஞர்கள்தாம். எனினும் இவர்களுக்குப் பெயரையும் உருவத்தையும் ஒருசேரத் தந்தது இசை அன்று, அடியார் என்ற நிலை. அடியார் ஆகாத இசைஞருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

4. ரவிவர்மா: முகம் உண்டு, பெயர் இல்லை

விழிஞ்ஞம் இருக்கும் திருவிதாங்கூர் மண்ணில்தான் நவீன உருவப்படக் கலை பெரிதாக வேரூன்றியது. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு அரண்மனை ஓவியராக இருந்தார். கிளிமானூர் ராஜராஜ வர்மா அவரிடம் கற்றார்; அவருடைய மருமகனே ராஜா ரவிவர்மா (1848–1906). அதே சுவாதித் திருநாளின் அவையில், இசை, ஆடல் ஆசிரியர்களான தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இருந்தார். தஞ்சை இசையும் ஆடலும், மதுரை ஓவியக் கையும் ஒரே அரண்மனையில் புழங்கிய காலம் அது.

ரவிவர்மா 1889இல் தீட்டிய ‘இசைக்கலைஞர் திரள்’ மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. அதில் பதினோரு பெண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கிறார்கள். கேரள முண்டுடுத்த ஒரு பெண்ணின் மடியில் வீணை. அவரைச் சூழ மராட்டிச் சேலை, இசுலாமியப் பெண்ணின் உடை, மேலை நாட்டுத் தொப்பி எனப் பல வகை உடைகள். பட்டின் மடிப்பும் நகையின் ஒளியும் தொட்டுப் பார்க்கத் தூண்டும்படி எழுதப்பட்டுள்ளன. முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தனிப் பெண்ணின் முகம்தான். ஆனால் படத்தின் முன் நிற்பவர் அவர்களை நாயர் பெண், மராட்டியப் பெண், முஸ்லிம் பெண் என்றுதான் அடையாளம் காண முடியும். ஊரும் சாதியும் சமயமும் உடையிலேயே எழுதப்பட்டுவிட்டன. பெயரும் பாணியும் புகழும் எங்கும் இல்லை. நாட்டின் பன்மையைக் காட்டும் மாதிரிகளாக இசைப்பெண்கள் இங்கே பயன்பட்டிருக்கிறார்கள்.

இந்துஸ்தானிப் பாடகி அஞ்சனிபாய் மால்பேகர் இளமையில் ரவிவர்மாவின் படங்களுக்கு மாதிரியாக இருந்தவர் என்று அறியப்படுகிறார். 1958இல் சங்கீத நாடக அகாதெமியின் உயர் மதிப்பான ஃபெலோஷிப்பைப் பெற்ற முதல் பெண் அவர். வாழ்ந்த பாடகி ஒருவரின் முகம் ஓவியத்தில் வேறொரு பாத்திரத்தின் முகமாக மாறிவிடுகிறது. விழிஞ்ஞத்தில் ஆடுநரின் உடலுக்கு நேர்ந்தது, பதினொரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்துப் பாடகியின் முகத்துக்கு நேர்ந்தது.

5. பெயருக்குத் தேடிய முகம்

20ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. கர்நாடக இசை மும்மூர்த்திகளான தியாகராசர் 1847இலும், முத்துசாமி தீட்சிதர் 1835இலும், சியாமா சாஸ்திரிகள் 1827இலும் மறைந்தனர். புகைப்படக் கருவி அவர்களை எட்டவில்லை. பெயரும் பாட்டும் நிலைத்தன, முகம் இல்லை. அந்த முகத்தைத் தந்தவர் எஸ். ராஜம் (1919–2010). அவரே தேர்ந்த பாடகர். அஜந்தா மரபில் கோடு பயின்ற ஓவியர். அவர் எழுதிய மும்மூர்த்திகள் படம் சபா மேடைகளிலும் பாட்டுப் பள்ளிகளிலும் வீட்டுப் பூசையறைகளிலும் இடம்பிடித்தது. இன்று அம்மூவரை நினைத்தாலே ராஜத்தின் கோடுகள்தான் கண்ணில் நிற்கின்றன.

இந்தப் படம் அன்பின் விளைவு. அதன் தேர்வையும் கவனிக்க வேண்டும். முகம் இல்லாத மூன்று ஆண் வாக்கேயக்காரர்களுக்கு முகம் படைத்த அதே தலைமுறைக்கு முன், முகமும் பெயரும் கலையும் ஒருங்கே உடைய பெண் கலைஞர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வீணை தனம்மாள் 1938 வரை இருந்தார். அவர் வந்த தேவதாசி மரபின் மேல் சமூகம் வீசிய இழிசொல் அம்மரபினரை வழிபாட்டுச் சுவரிலிருந்து விலக்கி வைத்தது. 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டம் இயற்றிய காலத்தில், அவர்களின் ஆடல் மேடையில் மதிப்புப் பெற்றது. ஆடிய குடும்பங்கள் மேடையை விட்டு விலகின. கலையைக் கொண்டாடி, கலைஞரை மறக்கும் பழைய பழக்கம் இங்கே கொடுமையான வடிவம் எடுத்தது.

தனம்மாளின் பேத்தி தஞ்சாவூர் பாலசரஸ்வதியில்தான் மூன்று கூறுகளும் சேர்ந்தன. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படம், முதுமை தொட்ட அவரைக் கடற்காற்றில் ஆடவிட்டுப் படம்பிடித்தது. சேலைத் தலைப்பு காற்றில் அலைய, கண்ணனை அழைக்கும் கை அசைகிறது. அங்கே ஆடுவது தெய்வமோ மாதிரியோ அல்ல, பாலசரஸ்வதி. தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் அப்படத்துக்குத் துணை நின்றன என்பதும் நினைக்கத் தக்கது.

6. ஒரு மறுப்பும் ஓர் ஒப்பீடும்

பெயர் இன்மையே நம் மரபின் உயர்வு, கலைஞர் தம்மைக் கரைத்துக்கொள்வதே நோக்கம் என்று ஒரு மறுப்பு எழும். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. இறைமுன் தன்னை மறந்து பாடியவர் உண்டு. ஆனால் தன்னைக் கரைத்துக்கொள்வது கலைஞர் தாமே மேற்கொள்ளும் நோன்பு. பிறர் அவர் பெயரை எழுதாமல் விடுவது வேறு. அரசனும் திருப்பணி செய்தவனும் சிற்பியும் அதே கோயில்களில் பெயரோடு நிற்கும்போது, ஆடுநரிடம் மட்டும் துறவை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

வேற்று நாட்டு உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் நெடுங்காலம் இசை மட்டும் வரவேற்கப்பட்டு, இசைத்தவர் ஒதுக்கப்பட்ட நிலையில் வாழ்ந்தவர்கள். அந்நாட்டு அஞ்சல்துறை 2011இல் ஐந்து இலத்தீன் இசைக் கலைஞர்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது: கியூபாவின் சீலியா குரூஸ், டெக்சஸின் செலீனா, டீட்டோ புவெந்தே, கார்லோஸ் கார்டெல், கார்மென் மிராண்டா. மெக்சிகோவில் பிறந்த ஓவியர் ரஃபாயெல் லோபஸ் அவற்றைத் தீட்டினார். 2024இல் சீலியா குரூஸின் உருவம் அந்நாட்டு நாணயத்திலும் ஏறியது. இந்தப் படங்களில் கலைஞர் மேடையில் இருக்கிறார், தம் முகத்தோடும் தம் பெயரோடும் இருக்கிறார்.

நம் அஞ்சல்துறையும் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 2005இலும், வீணை தனம்மாள், பாலசரஸ்வதி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஆகியோருக்கு 2010இலும் அஞ்சல்தலை வெளியிட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அஞ்சல்தலை கைக்குக் கை மாறி மறைந்துவிடும். ஊர்ச் சுவரும் அருங்காட்சியகமும்தான் நிலைக்கும்.

முடிவு

விழிஞ்ஞத்துக் குடைவரை முதல் ரவிவர்மாவின் கித்தான் வரை தென்னாட்டு ஓவியரும் சிற்பியரும் ஆடலையும் இசையையும் மனமாரக் கொண்டாடினர். அந்தக் கொண்டாட்டத்தில் ஆடியவரும் பாடியவரும் பெயரிழந்தனர். இது மரபின் கட்டாயம் இல்லை என்பதற்கு மாமல்லபுரமும் தாராசுரமும் சான்று. தஞ்சைக் கல்வெட்டின் 400 பெயர்கள் அதைவிட வலிய சான்று.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. தஞ்சையில் சோழர் ஓவியங்களை விளக்கும் ஒவ்வொரு நூலும் பலகையும் தளிச்சேரிக் கல்வெட்டின் பெயர்களையும் அருகே தர வேண்டும். இசைப்பெண்களின் படங்களை வைத்திருக்கும் காட்சிக்கூடங்கள் மாதிரியாக இருந்தவர்களின் பெயர்களை ஆராய்ந்து எழுத வேண்டும். வில்லுப்பாட்டும் நாகசுரமும் கதகளியும் பயிலும் தென் திருவிதாங்கூர், நாஞ்சில் நாட்டுக் கலைஞர்களை, அவர்கள் வாழும்போதே, பெயரெழுதி உருவப்படமாகத் தீட்ட ஓவியக் கல்லூரிகள் முன்வர வேண்டும். இறைவன் ஆடுவதாகப் பாடும் நாடு, தன் மக்களில் ஆடியவர் யார் என்று எழுதி வைக்கக் கடமைப்பட்டது.