நீலகிரியில் விறகு பிளந்த காலம்

டிசம்பர் விடுமுறை வந்தால் நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்களாவது ஊட்டிக்கோ குன்னூருக்கோ கிளம்பிவிடுவது வழக்கம். திரும்பி வந்ததும் லிஃப்டில் சொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று அங்கே அடித்த குளிர். இன்னொன்று, தங்கிய பழைய பங்களாவில் பார்த்த கணப்பு அடுப்பு. சுவருக்குள் குடைந்து கட்டிய அந்த அடுப்பில் இப்போது பெரும்பாலும் பூச்சாடியோ மின்சார ஹீட்டரோதான் இருக்கும். ஒரு காலத்தில் அந்த வீடுகளைச் சூடாக வைத்தது அதில் எரிந்த விறகு. ஒவ்வொரு கட்டையும் கோடாரியால் கையால் பிளந்தது.

அந்த விறகுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஊட்டி என்றதும் நம் கண்ணில் வரும் வானுயர்ந்த யூக்கலிப்டஸ் மரங்கள் அங்கே வந்ததற்கே முக்கியக் காரணம் விறகுத் தேவைதான். இந்த இதழில் அந்தக் கதையைப் பார்ப்போம்.

சின்ன வாசலும் பெரிய பங்களாவும்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி விழும். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோடர்கள் இந்தக் குளிருக்கு ஏற்பவே வீடு கட்டினார்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற வளைந்த கூரை, உள்ளே அடுப்பு, தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குச் சிறிய வாசல். உள்ளே மூட்டும் சின்னத் தீயின் சூடு அவ்வளவு எளிதில் வெளியே போகாது. குறைந்த விறகில் ஒரு குடும்பமே குளிர் காயலாம்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைமேல் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு கட்டினார். அவர் பின்னால் அதிகாரிகளும், ஓய்வெடுக்க வந்த படைவீரர்களும், தோட்டக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் கட்டியது இங்கிலாந்துப் பாணி வீடு. உயரமான கூரை, அகலமான ஜன்னல், முக்கியமான அறைகளில் எல்லாம் கணப்பு அடுப்பு, அதற்கு மேல் புகைபோக்கி.

திறந்த கணப்பு பார்க்க அழகாக இருக்கும். சூடு தருவதில் அது ஊதாரி. எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும், கூடவே அறையில் இருந்த சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு. இந்தக் குறை ஐரோப்பாவிலேயே தெரிந்த ஒன்றுதான். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு, கணப்பின் ஆழத்தையும் புகைபோக்கியின் கழுத்தையும் குறைத்துக் கட்டினால் விறகு மிச்சமாகும் என்று விளக்கி எழுதினார். அப்படித் திருத்திக் கட்டினாலும் மூடிய அடுப்புக்கு அது ஈடாகாது.

1850களில் குன்னூருக்குப் பக்கத்தில் ஜக்கதளாவில் ராணுவக் குடியிருப்பு எழுந்தது. பிறகு அதற்கு வெலிங்டன் என்று பெயர் மாறியது. அறையைச் சூடாக்க, சமைக்க, குளிக்க, ரொட்டி சுட, செங்கல் சுட என எல்லாவற்றுக்கும் விறகுதான். அன்று மலைக்கு ரயில் கிடையாது. குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும்தான் ரயில் வந்தது. கீழே இருந்து எரிபொருளை மாட்டு வண்டியில் ஏற்றி வருவது கட்டுப்படியாகாது. ஆகவே கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்த மரங்கள் மேல் கோடாரி விழுந்தது.

பிளப்பது ஏன்?

வெட்டிய மரத்தை அப்படியே அடுப்பில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். தீ முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்ட வேண்டும். அதற்கே வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகும், புகை கிளம்பும், புகைபோக்கியில் கரி படியும். மரத்துக்குள் நீர் நீளவாக்கில்தான் ஓடுகிறது. பட்டை அதை உள்ளேயே பூட்டி வைக்கிறது. உருளைக் கட்டையாகப் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் காயாது. நான்காகப் பிளந்தால் உள் பக்கம் காற்றில் படும், சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும்.

மரத்தை வெட்டுவது வேறு, பிளப்பது வேறு. வெட்டும் கோடாரிக்கு மெல்லிய வாய் வேண்டும், நார்களை அறுக்க. பிளக்கும் கோடாரிக்குப் பருத்த கன்னம் வேண்டும், நார்களை இரண்டு பக்கமும் தள்ள. அடுப்பின் அளவுக்கு ரம்பத்தால் அறுத்த உருளையைத் தடித்த அடிக்கட்டையின் மேல் நிறுத்துவார்கள். அதன் முகத்தில் இயற்கையாகவே ஓடும் வெடிப்பைப் பார்த்து அதன் மேல் கோடாரியை இறக்குவார்கள். கணு இருக்கும் பக்கத்தைத் தவிர்ப்பார்கள். பெரிய கட்டை என்றால் நடுவில் அடிப்பதில்லை. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிப் பத்தை பத்தையாக எடுப்பார்கள். அதற்கும் மசியாத முறுக்கு மரத்துக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்.

ஆப்பசைத்த குரங்கு என்ற பழமொழியைச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். பாதி பிளந்த மரம் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க ஆப்பைச் செருகி வைப்பார்கள். அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கதை. விறகு பிளப்பதைத் தினமும் பார்த்த ஊரில், விளக்கம் சொல்லாமலே புரிந்த கதை.

மலையில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. விறகைக் காய வைக்கத் தோதாகக் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான சில மாதங்கள்தான். அதற்குள் பிளந்து, தரையில் படாமல், காற்று போகும்படி கூரைக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும்.

பங்களாவில் குளிர் காய்ந்தவர் ஒருவர், விறகு பிளந்தவர் இன்னொருவர். வேலையாட்களும் தினக்கூலிகளும் பிளந்தார்கள், பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்து வந்தார்கள். பங்களாக்காரர்களின் பெயர்கள் தெருக்களிலும் எஸ்டேட்டுகளிலும் இன்றும் நிற்கின்றன. கோடாரி பிடித்தவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் பார்க்க முடியாது.

கார்ப்பஸ் நிதியைக் கரைத்த கதை

முதலில் போனவை சோலை மரங்கள். நீலகிரியின் சோலை என்பது நாம் தோட்டத்துக்குச் சொல்லும் சோலை அல்ல. மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் காடு. சோலைக்கும் சோலைக்கும் நடுவே பரந்த புல்வெளி. சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. அவற்றை வெட்டிவிட்டால், திறந்தவெளியில் முளைக்கும் கன்றுகளை உறைபனி கருக்கிவிடும். அழிந்த இடத்தில் சோலை மறுபடி தழைப்பது அரிது.

நம் சங்கக் கணக்கில் கார்ப்பஸ் நிதி என்று ஒன்று இருக்கிறது. வட்டியில் செலவு செய்யலாம், முதலில் கை வைக்கக் கூடாது என்பது விதி. சோலையில் வட்டி என்பது விழுந்த கிளையும் காய்ந்த சுள்ளியும். சிறிய எண்ணிக்கையில் மக்கள் வாழ்ந்த வரை வட்டி போதுமானதாக இருந்தது. பங்களாக்களும் படை முகாமும் வந்தபின் முதலே கரையத் தொடங்கியது. விறகுக்காக இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது.

1856இல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை உருவானது. ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் காப்பாளர். சோலைகளைக் காப்பது பற்றிய கவலை அரசுக் காகிதங்களில் ஏறியது. ஆனால் வெட்டாதே என்று சொன்னால் மட்டும் குளிர் போய்விடாது. மாற்று வேண்டும்.

கற்பூர மரமும் சீகையும்

மாற்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதற்கு முன்பே, 1790ஐ ஒட்டி, மைசூரில் திப்பு சுல்தான் நந்தி மலையில் யூக்கலிப்டஸ் வளர்த்ததாகச் சொல்வார்கள். நீலகிரிக்கு அது 1843இல் வந்தது. 1856 முதல் விறகுக்கென்றே முறையாக நடவு தொடங்கியது. மலைமக்கள் இதைக் கற்பூர மரம் என்கிறார்கள், இலையின் வாசனையால். கூடவே வந்த வாட்டில் மரத்துக்கு அங்கே சீகை மரம் என்று பெயர்.

கற்பூர மரம் வளர்ந்த வேகம் அதிகாரிகளை அசர வைத்தது. 1883இல் ஹட்சின்ஸ் என்ற வன அதிகாரி, நீலகிரியில் இந்த ஆஸ்திரேலிய மரங்களின் வளர்ச்சியை அளந்து தனி அறிக்கையே எழுதினார். இன்னொரு வசதி, கரும்பு போல இதற்கும் மறுதாம்பு உண்டு. அடியோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருக்கலாம்.

பிளப்பவர்களுக்கு மட்டும் இது முரட்டு மரம். அதன் நார்கள் நேராக ஓடாமல் பின்னிக்கொண்டு ஓடும். காய்ந்துவிட்டால் இரும்பு, கோடாரி துள்ளித் தெறிக்கும். அதனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட்டுப் பிறகு காய வைப்பதே வழி. காய்ந்தபின் நன்றாக எரியும். இலையும் வீணாகவில்லை. அதைக் காய்ச்சி எடுத்த தைலம்தான் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் நீலகிரித் தைலம்.

தீர்வுக்கும் ஒரு விலை

இந்தத் திட்டம் அதன் நோக்கத்தில் வென்றது. நட்ட மரம் விறகைக் கொடுத்ததால் மிச்சமிருந்த சோலைகள் மேல் அழுத்தம் குறைந்தது. மரம் நட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் நட்ட இடம் எது? பெரும்பாலும் புல்வெளி. மரம் இல்லாத நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்று அவர்கள் எண்ணினார்கள். அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். மழைநீரை உள்வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் நிலமும் அதுவே. அந்த ஓடைகள் பவானியாகவும் மாயாறாகவும் ஓடி, கடைசியில் காவிரியில் சேர்கின்றன.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் மண்ணெண்ணெய், மின்சாரம், பிறகு கேஸ் வந்தன. வீட்டு விறகின் தேவை குறைந்தது. நடவு மட்டும் நிற்கவில்லை. ரேயான் கூழுக்குக் கற்பூர மரம், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை என்று புதிய காரணங்கள் வந்து, மேலும் புல்வெளிகள் காடாயின.

அதன் விலையைக் கணக்கிட்டும் பார்த்தார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்தினர், கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் யூக்கலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து ஆண்டுகளில் அங்கே நீர்வரத்து ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. மறுதாம்பு வளர்ந்த அடுத்த பத்தாண்டில் குறைவு இன்னும் அதிகமானது.

சீகை இன்னொரு வகைத் தொல்லை. அதை யாரும் நட வேண்டியதில்லை. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும், வேரிலிருந்தும் கிளைக்கும். இன்று அதே வனத்துறை சில இடங்களில் இந்த அயல் மரங்களை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கப் பார்க்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஒரு நூற்றாண்டில் நட்டதை அடுத்த நூற்றாண்டில் பிடுங்குகிறோம்.

தண்ணீர் லாரிக்குப் பதில் போர்வெல், போர்வெல் வற்றினால் இன்னும் ஆழமான போர்வெல் என்று பொதுக்குழுவில் பேசும் நமக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. ஒரு பற்றாக்குறையைத் தீர்க்கும்போது, அந்தத் தீர்வு எதை எடுத்துக்கொள்கிறது, அதை இதுவரை யார் பயன்படுத்தி வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் நிமிடப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணப்புக்குப் புகைபோக்கி உண்டு, கரியடுப்புக்குக் கிடையாது. குளிருக்காக எரியும் கரியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, எழுப்பவும் செய்யாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் குடியிருப்பில் மலைப் பகுதியில் வளர்ந்தவர்களும், ஊரில் விறகுக்கடை வைத்திருந்த குடும்பத்தினரும் சிலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் விறகு பிளந்தது யார், எந்த மரம், எப்படி அடுக்கினார்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்கிறோம்.