வாசலில் நிற்கும் காவல்

மதுரையிலிருந்து நத்தம் போகிறவர்கள் இப்போது மேம்பாலம் ஏறினால் நகரத்தைத் தாண்டித்தான் இறங்குகிறார்கள். 1755இல் கர்னல் ஹெரோன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு திருச்சிக்குத் திரும்பியதும் இந்தத் திசையில்தான். கோவில்குடியில் அள்ளிய சாமி சிலைகள் மூட்டைகளோடு வந்தன. நத்தம் கணவாயில் கள்ளர் சமூகத்தார் மறித்தார்கள். பீரங்கியும் சிப்பாய்களும் இருந்தென்ன? பாதை குறுகல். முன்னால் போனவனால் பின்னால் வந்தவனுக்கு உதவ முடியவில்லை. சிலைகளை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஹெரோன் ராணுவ விசாரணையில் பதவியை இழந்தார்.

விமானத்துக்குள் ஆயுதக் காவலர் வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கணவாய்தான் ஞாபகம் வருகிறது.

அதே கள்ளர்கள் ஊர்களைக் காவல் காத்ததும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பழைய காவலைப் பற்றிப் பேசினால், வேல்கம்பைவிடக் கணக்குவழக்குதான் அதிகம் வரும். அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போதே காவல்காரர் பங்கு தனியாகப் போய்விடும். மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் கிரயத்தைத் தரவேண்டும். ஊருக்குப் படிக்காவல், சுற்று வட்டாரத்துக்கும் பாதைக்கும் திசைக்காவல். வண்டிக்கு வண்டி ஆள் ஏறி உட்காரவில்லை, வட்டாரமே பொறுப்பேற்றது. களவு போனதைத் திருப்பித் தரத் துப்புக்கூலி என்று மிரட்டி வாங்கியதும் உண்டு, மறைப்பதற்கில்லை. 1896இல் காவலே வேண்டாமென்று குடியானவர்கள் கிளம்பியதும் அதனால்தான். பிறகு வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து கைரேகை கேட்டான். கொடுக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டான்.

இனி ஆகாயப் பாதைக்கு வருவோம். 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய 'கங்கா' விமானத்தை இரண்டு பேர் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி லாகூருக்குக் கடத்தினார்கள். 1993 மார்ச்சில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வரவேண்டிய விமானம் அமிர்தசரஸில் போய் நின்றது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவில் புறப்பட்ட ஐசி 814 விமானம் காந்தஹாரில் போய் முடிந்தது. பயணிகளை மீட்க மூன்று தீவிரவாதிகளை விடுவிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் சாதாரண உடையில், தேர்ந்தெடுத்த விமானங்களில் ஏறத் தொடங்கினார்கள். விமான நிலையப் பாதுகாப்பு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு மாறியதும் அப்போதுதான். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்தது.

நடைமுறையைப் பாருங்கள். மதுரை–சென்னை மாதிரி தடங்களில் ஓடும் ஏடிஆர் விமானத்தில் எழுபத்துச் சொச்சம் சீட்டு, நடுவில் ஒரு ஆள் நடக்கும் வழி. அங்கே சுட்டால் குறி தவறிப் பயணிமேல் பாயலாம். காவலரின் துப்பாக்கியே எதிரி கைக்குப் போகலாம். குடித்துவிட்டு ஒருவன் ரகளை செய்தாலும் அவர் எழுந்திருக்கக் கூடாது; ஆளை அடையாளம் காணவே நடத்துகிற நாடகமாக அது இருக்கலாம். தினமும் பறக்கிற அத்தனை விமானத்துக்கும் இப்படி ஆள் போடுவது நம்மைப் போன்ற பெரிய நாட்டுக்கு முடியாத காரியம். அமெரிக்கா 1960களிலேயே ஆட்களை ஏற்றிப் பார்த்தது. ஆனால் அங்கே கடத்தல் சட்டென்று குறைந்தது 1973இல் எல்லாப் பயணிகளையும் சோதிக்க ஆரம்பித்த பிறகுதான்.

மதுரை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். கைப்பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம்.

"மகளுக்குத்தாம்மா கொண்டு போறேன், வீட்ல அரைச்சது."

"அதுக்கில்லம்மா. கைப்பையில விடமாட்டாங்க. பெரிய பெட்டியில வச்சிருக்கணும்."

கண்ணில் பொடி தூவி நகை பறித்த செய்திகளைப் படிக்கிற ஊருக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சோதனையிட்ட பெண் காவலர் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்த அரை நிமிடத்தில் முடிந்தது காரியம். காத்மாண்டுவில் இந்த அரை நிமிடம்தான் தவறியது; கைத்துப்பாக்கியும் கத்தியும் கையெறி குண்டும் உள்ளே போயின.

ஆபத்தான தடங்களில் ஆள் இருக்கட்டும். எந்த விமானத்தில் என்று தெரியாமல் இருப்பதே எதிரிக்கு ஒரு பயம். ஆனால் பெரும்பணம் சோதனை நடக்கும் வாசலுக்குத்தான் போகவேண்டும். கூடவே திசைக்காவலின் பழைய நிபந்தனையும் வேண்டும்: தவறு நடந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கிரயம் கட்டவேண்டும் என்றிருந்ததால்தான் காவல்காரர் ராத்திரி தூங்காமல் சுற்றினார்.