புகை யார் கணக்கு?



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் வகுப்புகளின் தூய்மையைப் பார்வையிடுவதுண்டு. ஒருமுறை ஒரு மாணவன் தன் இடத்தை மிகத் தூய்மையாக வைத்திருந்தான். பாராட்டிவிட்டு அடுத்த பலகையருகே சென்றேன். அவன் காலால் தள்ளிய காகிதக் குப்பையெல்லாம் அங்கே கிடந்தது! நாடுகளின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு.

ஜெர்மனியிலே டார்ட்மண்ட் நகரில் நூற்றாண்டுக்கு மேலாக எஃகு உலைகள் எரிந்துவந்தன. 2001-ஆம் ஆண்டில் அங்கிருந்த ஃபீனிக்ஸ் ஆலை மூடப்பெற்றது. சீனத்தின் ஷாகாங் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஏறத்தாழ ஆயிரம் சீனத் தொழிலாளர் வந்து, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, சுமார் 2,50,000 டன் எடையுள்ள தளவாடங்களை யாங்சி ஆற்றின் முகத்துவாரப் பகுதிக்குக் கொண்டுசென்றனர். ஆலை நின்ற இடத்தில் 2010-இல் நீர் நிரப்பத் தொடங்கினர். இன்று அங்கே அழகியதோர் ஏரி விளங்குகின்றது.

புகை ஒழிந்ததா? இல்லை; இடம் மாறிற்று.

1997-இல் கியோட்டோ நகரில் உருவான உடன்படிக்கை, செல்வ நாடுகள் தம் புகையைக் குறைக்க வேண்டுமென்று விதித்தது. ஆனால் எந்நாட்டின் எல்லைக்குள் புகை எழுகின்றதோ அந்நாட்டின் ஏட்டிலேயே அது எழுதப்பெற்றது. கடல் கடந்து வரும் எஃகும் துணியும் பொம்மையும், வாங்குவோர் ஏட்டில் புகையற்ற பொருள்களாகவே வந்து சேர்ந்தன. 2001 டிசம்பரில் சீனம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் அதன் ஏற்றுமதி பெருகிற்று. சில ஆண்டுகளிலேயே கரியமில வாயுவை மிகுதியாக வெளியிடும் நாடு என்ற பெயரும் அதனைச் சேர்ந்தது.

இக்கணக்கை வேறு விதமாகவும் எழுதலாம். ஒரு தொழிலின் விளைபொருள் மற்றொரு தொழிலுக்கு எவ்வாறு இடுபொருளாகின்றது என்பதை அட்டவணையாக்கிக் காட்டியவர், 1973-இல் நோபெல் பரிசு பெற்ற லியோன்டீஃப். அவர் வகுத்த வழியில், ஒரு சட்டைக்குப் பின்னேயுள்ள நூல், சாயம், மின்சாரம், நிலக்கரி ஆகியவற்றைத் தொடர்ந்து சென்றால், அதை உடுத்துபவரின் நாட்டுக்கே புகையை எழுதிவிடலாம். அவ்வாறு கணக்கிட்ட ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. வளரும் நாடுகளிலிருந்து செல்வ நாடுகளுக்கு வாணிகத்தின் வழியே நிகரமாகச் சென்ற கரியமில வாயு, 1990-இல் 40 கோடி டன். 2008-இல் 160 கோடி டன்!

விற்கும் நாடு முற்றும் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கூலியும் வருவாயும் கிடைக்கின்றன. எந்த எரிபொருளை எரிப்பது என்பதைத் தீர்மானிப்பதும் அந்நாடே. ஆதலால் பொறுப்பு இருவர்க்கும் உரியது. இறக்குமதியாகும் எஃகு, சிமெண்ட் முதலியவற்றின் புகைக்குக் கட்டணம் விதிக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2026-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. புகைக்கு விலை வந்துவிட்டது; எனினும் அது எழுதப்படும் ஏடு மாறவில்லை.

மாணவர்களே, ஒரு நாட்டில் புகை குறைந்தது என்று படிக்கும்போது மகிழுங்கள். அதனோடு, அந்நாட்டு மக்கள் வாங்கும் பொருள்கள் எங்கே உருவாகின்றன என்றும் கேளுங்கள். அடுத்த பலகையையும் பார்த்த பின்னரே மதிப்பெண் இடுதல் நேர்மையாகும்.