மணலாற்று முருங்கை

நெகேவ் பாலைவனத்தில் அல்-அராகீப் என்னும் பெதூயின் கிராமம் 2010 யூலையில் இடிக்கப்பட்டது, பின்னரும் பலமுறை. அச்செய்தி எனக்கு மணலாற்று எல்லையை நினைவூட்டிற்று.

1977 வன்செயலில் தோட்டங்களை விட்டோடிய மலையகத்தார் அங்கே கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேறினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தோரின் மக்கள். கொழுந்து பறித்த கைகள் காடு வெட்டின. 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட, பண்ணைகள் சிங்களக் கைதிகளின் திறந்தவெளிச் சிறையாயின. அவ்வாண்டு நவம்பர் 30இல் புலிகளின் தாக்குதலில் கைதிகளோடு அவர்தம் பெண்டு பிள்ளைகளும் மாண்டனர். இதைச் சொல்ல நம்மவர் கூசுவர்.

அங்கிருந்து பதுளை திரும்பியவர் என் மாணவியின் பாட்டி. ஒருநாள் சொன்னார்: "நாங்க நட்ட முருங்கைய அவுங்கதான் தின்னுருப்பாங்க சேர். தின்னட்டும், பாவம். அவுங்களுந்தானே செத்தாங்க."